என்ன எடுத்தார்கள் என்று கேளுங்கள்

அன்புள்ள அக்கா,

எனக்கு 43 வயது. பல மாதமாக உதிரப்போக்கு நிற்கவில்லை. ஹீமோகுளோபின் 7-க்கு வந்துவிட்டது. ஸ்கேனில் கட்டிகள் பெரிதாக இருக்கின்றன என்று சொல்லி, ரத்தம் ஏற்றி, வயிற்றைத் திறந்து கர்ப்பப்பையை எடுத்தார்கள். ஐந்து வாரம் ஆகிறது. தையல் பிரித்தாயிற்று, வெளிப்பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கிறேன். ஆனால் ஒரு குடம் தூக்கினால் அடிவயிறு இழுக்கிறது. ராத்திரி திடீரென்று உடம்பு கொதித்து, நைட்டி நனைகிற அளவு வியர்க்கிறது. சும்மா இருக்கும்போதே அழுகை வருகிறது. மாமியார், "நான் பிள்ளை பெத்த பதினாறாம் நாளே களையெடுக்கப் போனவ" என்கிறார். சினைப்பையையும் சேர்த்து எடுத்துவிட்டார்களா என்று தங்கை கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. இப்போது போய்க் கேட்டால் டாக்டர் என்ன நினைப்பாரோ என்று கூச்சமாக இருக்கிறது. பெயர் போடாதீர்கள்.

*

அன்புள்ள தங்கைக்கு,

வலி, வியர்வை எல்லாவற்றையும் விட, "எனக்குத் தெரியவில்லை" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தில்தான் நான் அப்படியே நின்றுவிட்டேன். ஏனென்றால் எனக்கும் தெரியாது, இரண்டு வருடம் தெரியாது. 41 வயதில் ஆபரேஷன், காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன், "கர்ப்பப்பையை எடுத்தாச்சு, இனி தொல்லை இல்லை" என்று சொல்லி அனுப்பினார்கள். அப்புறம் தூக்கம் போனது, எதற்கெடுத்தாலும் பிள்ளைகள் மேல் எரிந்து விழுந்தேன், என் குணமே கெட்டுப்போய்விட்டது என்று நானே நம்பினேன். வேறொரு ஊரில் முதுகுவலிக்குப் பார்க்கப்போன டாக்டர் பழைய ஃபைலைப் புரட்டிவிட்டு, "சினைப்பை ரெண்டையும் எடுத்திருக்காங்களே, ஹார்மோன் மாத்திரை ஏதும் சாப்பிடறீங்களா?" என்று கேட்டபோதுதான் எனக்கே தெரிந்தது.

அதனால் முதலில் உங்கள் டிஸ்சார்ஜ் சம்மரியை எடுங்கள். ஆங்கிலத்தில் இருக்கும், பரவாயில்லை, தங்கையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். டி.ஏ.ஹெச் என்ற எழுத்துகள் இருக்கும், வயிற்றைத் திறந்து கர்ப்பப்பையை முழுதாக எடுத்தது என்று பொருள். அதற்குப் பக்கத்தில் பி.எஸ்.ஓ என்று இருந்தால் இரண்டு சினைப்பைகளும் கருக்குழாய்களும் போய்விட்டன. ஓ இல்லாமல் பி.எஸ் மட்டும் இருந்தால் குழாய்கள் மட்டும்தான், சினைப்பைகள் உள்ளேயே இருக்கின்றன. எடுத்ததை லேபுக்கு அனுப்பியிருப்பார்கள். அந்த பயாப்ஸி ரிப்போர்ட்டையும் மறக்காமல் கேட்டு வாங்குங்கள்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், சினைப்பை போய்விட்டால் மாதவிடாய் நிற்கும் காலம் படிப்படியாக வராது, ஆபரேஷன் முடிந்த சில நாட்களிலேயே மொத்தமாக வந்து இறங்கும். நீங்கள் எழுதியிருக்கும் கொதிப்பும் வியர்வையும் அழுகையும் அப்படியே அதன் அடையாளங்கள். 43 வயதில், சினைப்பை சுரக்கிற ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் திடீரென்று நின்றால் எலும்பும் இதயமும் சேர்ந்து அடிவாங்கும். அதனால்தான் மார்பகப் புற்றுநோய் மாதிரித் தடை எதுவும் இல்லாதவர்களுக்கு, இயற்கையாக நிற்கிற வயதான 50-ஐ ஒட்டி வரைக்கும் ஈஸ்ட்ரோஜன் கொடுப்பதைப் பற்றி டாக்டர்கள் பேசுவார்கள். உங்களுக்கு அது சரிப்படுமா என்று நீங்கள் கேட்டே ஆக வேண்டும். சினைப்பை இருந்தாலும் ரத்த ஓட்டம் மாறுவதால் கொஞ்ச காலம் இப்படி வரலாம், சிலருக்கு மாதவிடாய் நிற்கும் காலமே சில வருடம் முன்கூட்டி வந்துவிடும். அழுகை விடாமல் நீடித்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், அதற்கும் வைத்தியம் உண்டு.

சரி, குடத்துக்கு வருவோம். தையல் பிரித்த தோல்தான் ஆறியிருக்கிறது. அதற்குக் கீழே வயிற்றுச் சுவரில் போட்ட தையலும், கர்ப்பப்பை இருந்த இடத்தில் பிறப்புறுப்பின் மேல்முனையை மூடித் தைத்த தையலும் இன்னும் ஆறிக்கொண்டிருக்கின்றன. வயிற்றைத் திறந்து செய்ததற்கு ஆறிலிருந்து எட்டு வாரம், அதுவரை நாலைந்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது. நிறைந்த பிளாஸ்டிக் குடம் 15 கிலோ வரும்! அடுப்பில் நிற்பது, நடப்பது எல்லாம் செய்யலாம், நடக்கத்தான் வேண்டும், காலில் ரத்தம் உறையாமல் இருக்க அதுதான் உதவும். மலச்சிக்கல் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், முக்கினால் அதே தையல்தான் இழுபடும். கணவரிடமும் பேசிவிடுங்கள், ஆறு வாரம் முடிந்து டாக்டர் பரிசோதித்துச் சரி என்ற பிறகுதான் சேர்க்கை.

மாமியார் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பதினாறாம் நாள் அவரை யாரும் உட்கார விட்டிருக்க மாட்டார்கள். அப்படி வயலுக்குப் போன எத்தனையோ பெண்கள் பின்னாளில் அடி இறங்கி, அதாவது கர்ப்பப்பை கீழே சரிந்து, யாரிடமும் சொல்லாமல் துணியைக் கட்டிக்கொண்டு காலம் தள்ளியதை நான் பார்த்திருக்கிறேன். முடிந்தால் அவரிடமே கேட்டுப் பாருங்கள், ஒருவேளை அவருக்கும் சொல்ல ஏதாவது இருக்கும்.

லேசாகக் கறை படுவது சில வாரம் இருக்கலாம், பயப்பட வேண்டாம். ஆனால் காய்ச்சல், நாற்றத்தோடு வெள்ளைப்படுதல், ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் நனைகிற ரத்தம், ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, மூச்சு வாங்குவது, இதில் எது வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. சிறுநீர் தன்னாலேயே சொட்டிக்கொண்டிருந்தால் அதையும் மறைக்காதீர்கள், சிறுநீர்ப்பையில் ஓட்டை விழுந்திருக்கலாம், அதைச் சரிசெய்ய முடியும்.

கூச்சம் என்று எழுதியிருந்தீர்கள். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 100-க்கு மூன்று பேருக்கு மேல் கர்ப்பப்பையை எடுத்திருக்கிறார்கள், ஆந்திராவில் 100-க்கு கிட்டத்தட்ட ஒன்பது பேர். தேவையில்லாமல் எடுப்பதைத் தடுக்கும் வழிகாட்டுதல்களை மாநிலங்கள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றமே 2023-இல் சொல்ல வேண்டியிருந்தது. உங்களுடையது தேவையில்லாதது என்று சொல்லவில்லை. ஹீமோகுளோபின் 7, பெரிய கட்டிகள் என்றால் எடுக்கச் சொன்னதில் நியாயம் இருக்கலாம். ஆனால் என்ன எடுத்தீர்கள், ஏன் எடுத்தீர்கள் என்று கேட்பதில் டாக்டர் நினைப்பதற்கு ஒன்றும் இல்லை. அவர் சொல்லியிருக்க வேண்டியதைத்தான் கேட்கிறீர்கள்.

ஆறாவது வாரப் பரிசோதனைக்கு ஃபைலோடு தங்கையையும் கூட்டிப்போங்கள். கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள், அந்த நாற்காலியில் உட்கார்ந்ததும் எல்லாம் மறந்துவிடும். இரும்புச்சத்து மாத்திரையை இன்னும் எத்தனை நாள் சாப்பிட வேண்டும் என்பதையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள். போய்வந்து எழுதுங்கள், காத்திருக்கிறேன். அதுவரை தண்ணீரை வேறு யாராவது தூக்கட்டும்.

அன்புடன்,
அக்கா