சிப்காட் வேலை, வீட்டு லோன்: யூனியன்ல சேந்தா என்ன லாபம்?

காவேரிப்பட்டினத்துல இருந்து ஒரு சகோதரி கேட்டிருக்காங்க: வீட்டுக்காரர் ஓசூர் சிப்காட்ல பெர்மனென்ட், ஹவுசிங் லோன் ஓடுது, யூனியன்ல சேரச் சொல்றாங்க, சேந்தா வேலைக்கு ஆபத்தா, அப்படி என்ன கெடைக்கும்? தம்பியும் அங்க அப்ரண்டிஸ், அவனும் சேரலாமா?

பயம் நியாயம்தாங்க. ஆனா மாசச் சம்பளத்த நம்பி கடன் வாங்குன குடும்பத்துக்குத்தான் யூனியன் ரொம்பத் தேவை. தனியா போயி எச்ஆர் கிட்ட இன்கிரிமென்ட் கேட்டா பாக்கலாம்னு அனுப்பிடுவாங்க, அதே யூனியன் உக்காந்து பேசி கையெழுத்து போட்டா அடுத்த மூணு நாலு வருஷத்துக்கு எப்ப எவ்வளவு ஏறும்னு பேப்பர்ல இருக்கும், அத வச்சு இஎம்ஐ, புள்ளைங்க ஃபீஸ் எல்லாம் கணக்கு போடலாம். போனஸுக்கும் சட்டம் சொல்றது குறைஞ்சது 8.33 சதவீதம், அதிகபட்சம் 20, நடுவுல எங்க நிக்கும்ங்கிறது பல கம்பெனியில பேசி வாங்குறதுதான்.

லேபர் ஆபீசர் முன்னாடி போடுற ஒப்பந்தம் (பழைய சட்டத்துல இருந்த பிரிவு நம்பர வச்சு நம்ம ஆளுங்க 12(3)ன்னு சொல்றது) மெம்பர் ஆகாதவங்களுக்கும் சேரும். அப்ப சந்தா எதுக்குன்னு தோணும். 2025 நவம்பர்ல அமலுக்கு வந்த புது தொழில் உறவுச் சட்டத்துல, ரெண்டு மூணு யூனியன் இருக்குற கம்பெனின்னா 51 சதவீத தொழிலாளிங்க ஆதரவு உள்ள யூனியன்தான் கம்பெனியோட தனியா பேச முடியும், அதனால உங்க வீட்டுக்காரர் பேர் இருக்கா இல்லையாங்கிறதே அங்க பலம்.

சேந்ததுக்காக வேலைய விட்டு எடுக்கிறது சட்டப்படி தப்பு. ஆனா ஷிப்ட் மாத்துறது, ஓவர்டைம் கட் பண்றதுன்னு குடைச்சல் குடுக்குற எடமும் உண்டு, அத மறைக்கல. சாம்சங் ஸ்ரீபெரும்புதூர் தொழிலாளிங்க 2024ல ஒரு மாசத்துக்கு மேல ஸ்ட்ரைக் பண்ணி, ஹைகோர்ட் வரைக்கும் போனப்புறம் 2025 ஜனவரியிலதான் யூனியன் ரிஜிஸ்டர் ஆச்சு.

சேர்றதுக்கு முன்னாடி ரிஜிஸ்டர் நம்பர் இருக்கா, சந்தாவுக்கு ரசீது தர்றாங்களா, வருஷக் கணக்கு காட்டுறாங்களா, பழைய ஒப்பந்தத்தோட காப்பி கெடைக்குமான்னு கேக்கச் சொல்லுங்க. காப்பி காட்ட மாட்டேன்னா யோசிங்க. இன்னொண்ணு, பாதிப் பேர் ஒரே நாள்ல சேந்து லீவ் போட்டாலும் இப்ப அது ஸ்ட்ரைக் கணக்குதான், 14 நாள் முன்கூட்டி நோட்டீஸ் வேணும், வாட்ஸ்அப்ல யாரோ சொன்னாங்கன்னு போட்டுறாதீங்க.

தம்பி விஷயம் வேற. அப்ரண்டிஸ் சட்டப்படி அவரு தொழிலாளி கிடையாது, பயிற்சியாளர்தான், யூனியன் ஒப்பந்தத்துல ஏறுற சம்பளம் அவருக்கு வராது. பயிற்சி முடிஞ்சு கம்பெனி ரோல்ல எடுத்தப்புறம் பாத்துக்கலாம், இப்போதைக்கு அப்ரண்டிஸ் கான்ட்ராக்ட் பேப்பர பத்திரமா வைக்கச் சொல்லுங்க.