திரும்பும் கப்பல் வெளிப்பக்கம் சாய்வது ஏன்?

அன்புள்ள ஐயா,

கடல் சோதனையில் விமானந்தாங்கிக் கப்பல் ஒன்று முழு வேகத்தில் திரும்பும் காணொளி பார்த்தேன். மிதிவண்டி வளைவில் உள்பக்கம் சாய்கிறது, கப்பல் ஏன் வெளிப்பக்கம் சாய்கிறது? இப்படி வதைப்பது அவசியமா? கவிழ்ந்துவிடாதா?

கு.

அன்புள்ள கு.,

அவசியம்தான். நமக்குத் தெரிவது தளத்தின் சாய்வு. சோதிப்பவர்களின் கவனமோ பெரும்பாலும் சுக்கான் இயந்திர அறையில் இருக்கும். முழு வேகத்தில் சுக்கானை 35 பாகை திருப்பும்போதுதான் ஹைட்ராலிக் பம்ப் திணறுவதும் சீல் கசிவதும் வெளியே வரும். வணிகக் கப்பல்களுக்கே, ஒரு பக்கம் 35 பாகையிலிருந்து மறுபக்கம் 30 பாகைக்குச் சுக்கான் 28 விநாடிக்குள் போய்ச் சேர வேண்டும் என்று விதி இருக்கிறது. சாய்வில் என்ஜின் எண்ணெய் ஒருபக்கம் ஒதுங்கி, உறிஞ்சுகுழாய் காற்றை இழுக்கிறதா என்பதையும் பார்ப்பார்கள்.

சாய்வுக்கு வருவோம். சுக்கான் திரும்பியதும் சில விநாடிகள் கப்பலும் உள்பக்கமே சாயும். சுக்கானில் படும் விசை கப்பலின் அடிப்பகுதியை வட்டத்துக்கு வெளியே தள்ளுவதே காரணம். பிறகு உடற்பகுதி முழுவதையும் நீர் வட்டத்தின் மையம் நோக்கித் தள்ளத் தொடங்கும். அந்தத் தள்ளல் நீருக்கு அடியில் படுகிறது; எடை மையம் அதற்கு மேலே இருக்கிறது. அடி உள்ளே போக, மேல்பகுதி வெளியே சாய்கிறது. மிதிவண்டியில் ஓட்டுபவர் முன்கூட்டியே உடலைச் சாய்த்துக்கொள்கிறார், கப்பலால் அது முடியாது.

ஒரு கணக்கு. வட்டத்தின் ஆரம் 500 மீட்டர், எடை மையம் நீர் தள்ளும் இடத்துக்கு 8 மீட்டர் மேலே, மெட்டாசென்டர் உயரம் (சாய்ந்த கப்பல் தானே நிமிரும் திறனைக் காட்டும் அளவு) 2.5 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் சாய்வு 4 பாகைக்குள் நிற்கும். 15 மீட்டர் என்றால் 8 பாகையைத் தாண்டும். சாய்வு வேகத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது. திரும்பும்போது கப்பலின் வேகம் கணிசமாகக் குறைந்துவிடுவது பெரிய காப்பு.

ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. சாய்வைக் கண்டு பதறிச் சுக்கானைச் சட்டென்று நடுவுக்குக் கொண்டுவந்தால், உள்பக்கம் சாய்த்துக்கொண்டிருந்த அந்தச் சுக்கான் விசையும் போய்விடும். சாய்வு இன்னும் கூடும். எதிர்ப்பக்கம் திருப்பினால் மேலும் மோசம். வேகத்தைக் குறைத்து, சுக்கானை மெல்ல மெல்லத் தளர்த்துவதே சரி.

அதனால்தான் குறைந்த வேகத்திலும் சிறிய சுக்கான் கோணத்திலும் தொடங்கி, ஒவ்வொரு படியிலும் சாய்வைக் கணக்கோடு ஒப்பிட்ட பிறகே அடுத்த படிக்குப் போக வேண்டும். சாய்வு கணக்கை மீறினால், பாதி நிரம்பிய தொட்டிகளை முதலில் பாருங்கள் என்பேன். அவற்றுக்குள் தளும்பும் நீர் சாயும் பக்கமே ஓடி, மெட்டாசென்டர் உயரத்தைக் குறைத்தது போன்ற விளைவைத் தரும்.