பாப்பாவுக்கு மெட்டலர்ஜி (உலோகவியல்) கிடைத்திருக்கிறது, சேர்க்கலாமா?

வணக்கம் ஐயா. "பட்டறை நெருப்புக்கு முன்னால் நிற்கவா பெண்ணைப் படிக்க வைப்பது?" என்று கேட்டிருந்தீர்கள். கூடவே, பாப்பாவுக்குக் கெமிஸ்ட்ரி என்றால் உயிர் என்றும் ஒரு வரி. நான் அந்த வரியைத்தான் பிடித்துக்கொள்கிறேன்.

செம்பையே எடுத்துக்கொள்ளுங்கள். தாதுவை அரைத்து, நுரையில் மிதக்கவிட்டுப் பிரித்தால் 25, 30 சதவீதம் செம்புள்ள கரும்பொடி கிடைக்கும். கான்சன்ட்ரேட் என்பார்கள். உருக்காலைக்குப் போவது அதுதான். சிலி நாட்டுச் சுரங்கங்களில் எனார்ஜைட் என்று ஒரு கனிமம் உண்டு. எடையில் ஏறக்குறைய பாதி செம்பு, 19 சதவீதம் ஆர்சனிக் என்ற நஞ்சு. அரிசியில் கல் கிடந்தால் பொறுக்கிவிடலாம். அரிசிக்குள்ளேயே நஞ்சு ஊறியிருந்தால் முறம் என்ன செய்யும்? ஆர்சனிக் 0.5 சதவீதத்தைத் தாண்டிய சரக்கைச் சீனா உள்ளே விடுவதில்லை.

அதனால் சிலி அரசின் செம்பு நிறுவனமான கொடெல்கோ, மினிஸ்ட்ரோ ஹாலெஸ் சுரங்கத்துப் பொடியை உருக்குவதற்கு முன்பே வறுத்துவிடுகிறது. 700 டிகிரியை ஒட்டிய சூட்டில், காற்றில் மிதந்தபடி பொடி வறுபடும். ஆர்சனிக் ஆவியாகப் பிரியும், செம்பு தங்கிவிடும். சூடு கூடினால் பொடி கட்டிதட்டிவிடும். பிரிந்த ஆவி எரிந்து குளிர்ந்தால் வெண்தூளாகப் படியும். நம் சித்த மருத்துவர்கள் வெள்ளைப் பாஷாணம் என்பது இதைத்தான். அதைக் கரைத்து, இரும்போடு சேர்த்து, ஸ்கோரோடைட் என்ற எளிதில் கரையாத கனிமமாக மாற்றி அடக்க வேண்டும். சோடியம் சல்பைடும் காஸ்டிக் சோடாவும் கலந்த கரைசலில் செம்பை விட்டுவிட்டு ஆர்சனிக்கைக் கரைத்தெடுக்கும் வழியும் உண்டு. இத்தனையும் கெமிஸ்ட்ரிதானே ஐயா!

வேலை விஷயத்தை மறைக்காமல் சொல்கிறேன். பி.இ. முடித்ததும் பெரும்பாலும் ஸ்டீல், ஃபவுண்டரி, வாகன உதிரிபாகக் கம்பெனிகள்தான் முதலில் கூப்பிடும். நான் சொன்ன தாதுச் சுத்திகரிப்புத் துறைக்குள் நுழைய, கேட் தேர்வில் மெட்டலர்ஜி தாள் எழுதி எம்.டெக். போவது நல்லது. ஜாம்ஷெட்பூர் என்.எம்.எல்., புவனேஸ்வர் ஐ.எம்.எம்.டி. ஆகிய அரசு ஆய்வகங்களில் தாதுச் சுத்திகரிப்பு ஆராய்ச்சி நடக்கிறது. தூத்துக்குடி செம்பு உருக்காலை 2018-இல் மூடப்பட்டுவிட்டது. ஆலை வேலை வேண்டுமென்றால் செம்பு ஆலை உள்ள குஜராத்தின் தஹேஜ் போல வெளிமாநிலம் போக மனம் வேண்டும்.

இன்னொன்று, இதை மறக்கவே கூடாது. ஆர்சனிக் புழங்கும் இடத்தில் சேரும்முன், உடலில் ஆர்சனிக் ஏறியிருக்கிறதா என்று பார்க்க ஊழியர்களுக்குச் சிறுநீர்ப் பரிசோதனை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை என்று பாப்பா கேட்க வேண்டும். பதில் மழுப்பலாக வந்தால், சம்பளம் எவ்வளவானாலும் வேண்டாம்.

சீட்டை உறுதி செய்யும்முன் தெர்மோடைனமிக்ஸ், உலோகப் பிரித்தெடுப்பு இரண்டின் பாடத்திட்டத்தையும் அவளையே படிக்கச் சொல்லுங்கள். படித்துவிட்டு என்ன சொன்னாள் என்று எனக்கு எழுதுங்கள்.