ஏழாம் வசனம்: ஒரு கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

நான் கடலூர் மஞ்சக்குப்பத்தைச் சேர்ந்தவள். முதுகலை வரலாறு படிக்கிறேன். அப்பா வீட்டார் லுத்தரன் சபை, அம்மா வீட்டார் கத்தோலிக்கர் என்பதால் எங்கள் வீட்டில் இரண்டு வேதாகமங்கள் உண்டு. பாட்டியின் பழைய மொழிபெயர்ப்பில் 1 யோவான் 5:7, பரலோகத்திலே சாட்சியிடுகிறவர்கள் பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி என்னும் மூவர் என்கிறது. அம்மாவின் பொது மொழிபெயர்ப்பில் அந்த வரியே இல்லை. நான் போகும் ஜெபக்குழுவின் தலைவரிடம் இதைக் கேட்டேன். சந்தேகம் சாத்தானின் வாசல் என்றும், படிப்பு என் விசுவாசத்தைக் கெடுத்துவிட்டது என்றும் எல்லார் முன்னிலையிலும் சொன்னார். ஒரு வசனம் பிற்காலத்தில் சேர்ந்தது என்றால் மற்றவற்றை எதை வைத்து நம்புவது? அந்த வசனத்தை மனப்பாடமாக வைத்திருக்கும் பாட்டியிடம் இதைச் சொல்லத்தான் வேண்டுமா?

(பெயர் வெளியிட வேண்டாம்.)

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் கண்டது சரி. பழமையான கிரேக்கக் கையெழுத்துப் படிகளில் அவ்விடத்தில் ஆவி, நீர், இரத்தம் என்ற மூன்று சாட்சிகள் மட்டுமே உள்ளன. பரலோகச் சாட்சிகளைப் பற்றிய சொற்கள் லத்தீன் மரபில் தோன்றி, பின்னர் லத்தீன் வேதாகமப் படிகளுக்குள் நுழைந்தவை. எராஸ்மஸ் என்னும் டச்சு அறிஞர் 1516இல் கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டபோது, தாம் பார்த்த கிரேக்கப் படிகளில் இல்லாததால் அவற்றை விட்டுவிட்டார், கண்டனங்கள் எழுந்தன, அச்சொற்களைக் கொண்ட ஒரு கிரேக்கப் படி காட்டப்பட்ட பிறகு 1522இன் மூன்றாம் பதிப்பில் சேர்த்தார். அந்தப் படியே அதே பதினாறாம் நூற்றாண்டில் எழுதப்பட்டது என்பதுதான் இன்றைய அறிஞர்களின் முடிவு. அச்சில் பரவிய அந்தப் பாடத்தின் (மூல வாசகத்தின்) வழியில் வந்தது உங்கள் பாட்டியின் வேதாகமம். 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு பழைய படிகளின் பாடத்தைத் தழுவுகிறது. ஆகவே தமிழில் யாரும் எதையும் வெட்டியெறியவில்லை. உங்கள் அப்பா வீட்டாருக்கு ஒரு செய்தி: லுத்தர் தம் வாழ்நாளில் வெளியிட்ட ஜெர்மன் மொழிபெயர்ப்புகளிலும் இந்த வரி கிடையாது.

இதனால், பிதா, குமாரன், ஆவி மூவரும் ஒரே கடவுள் என்னும் திரித்துவக் கோட்பாடு ஆட்டங்காணும் என்று உங்கள் குழுத் தலைவர் அஞ்சியிருக்கலாம். 325இல் நிக்கேயாவிலும் 381இல் கான்ஸ்டான்டிநோபிளிலும் கூடிய திருச்சபைச் சங்கங்களில் அக்கோட்பாடு வகுக்கப்பட்டபோது அதற்காக வாதிட்ட கிரேக்கத் திருச்சபைத் தந்தையர் இவ்வசனத்தை எடுத்தாளவில்லை. அவர்கள் கையில் இது இருந்திருந்தால் எடுத்தாளாமல் விட்டிருப்பார்களா? வேதாகமத்தில் பிழையே இல்லை என்று அடித்துப் பேசும் பழமைவாதப் புராட்டஸ்டன்ட் தலைவர்களின் 1978ஆம் ஆண்டு சிகாகோ அறிக்கைகூட, தெய்வ ஏவுதல் என்பது கண்டிப்பாகப் பார்த்தால் மூல எழுத்துக்கே பொருந்தும் என்றும், கிடைத்திருக்கும் படிகளிலிருந்து அந்த மூலத்தைப் பெருமளவு துல்லியமாகக் கண்டறியலாம் என்றும்தான் சொல்கிறது. படிகளை ஒப்பிடாமல் எப்படிக் கண்டறிவது? நீங்கள் கேட்ட கேள்வி, கடும் பழமைவாதிகளின் வரையறைக்குள்ளேயே இடம்பெறும் கேள்வி. ஒரு வசனம் விழுந்தால் எல்லாம் விழும் என்பதும் அவ்வாறே பிழையான கணக்கு. இந்த வசனத்தைப் பிற்சேர்க்கை என்று காட்டிய அதே ஒப்பீட்டு முறைதான், மிகப் பெரும்பாலான வசனங்கள் பழைய படிகளிலும் இருக்கின்றன என்பதையும் காட்டுகிறது.

அப்படியிருக்க, ஏன் அந்தக் கோபம்? என் எண்ணத்தில் அதற்குப் பாதிக் காரணம் நம் சொல்லிலேயே இருக்கிறது. 'விசுவாசம்' என்று தேவாலயத்துக்கு வெளியே யார் சொன்னாலும் நாம் நினைப்பது நன்றியுள்ள நாயையும், எஜமானுக்கு உண்மையாக இருக்கும் வேலையாளையும்தான். அந்தச் சொல்லைச் சமயத்துக்குள் கொண்டுவந்தபோது அதன் நிழலும் உடன் வந்துவிட்டது. கேள்வி கேட்பவர் தவறாக எண்ணுகிறார் என்பதைவிட, உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்கிறார் என்றே அதைக் காதில் வாங்குபவருக்குப் படுகிறது. உங்கள் வீட்டு இரண்டு வேதாகமங்களிலும் 1 கொரிந்தியர் 13:13ஐ எடுத்துப் பாருங்கள். பாட்டியினுடையதில் 'விசுவாசம், நம்பிக்கை, அன்பு'. அம்மாவினுடையதில் 'நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு'. பாட்டியினுடையதில் 'விசுவாசம்' நிற்கும் முதலிடத்தில், அம்மாவினுடையதில் 'நம்பிக்கை' என்ற சொல் நிற்கிறது. நம்பிக்கை என்ற சொல்லில் எஜமான் இல்லை; நாம் ஒருவரை விசாரித்துவிட்டும் நம்பலாம், விசாரித்ததனாலேயே கூடுதலாகவும் நம்பலாம். நீங்கள் கேட்ட யோவானின் நிருபமே (கடிதமே) ஓர் அதிகாரம் முன்னால், 'எல்லா ஆவிகளையும் நம்பாமல்' அவை தேவனால் உண்டானவைகளோ என்று 'சோதித்தறியுங்கள்' என்று சொல்கிறது. ஜெபக்குழுவில் அந்த வசனத்தை எந்த வாரம் படிக்கிறார்கள் என்று கேட்டுப் பார்க்கலாம்.

இதில் கத்தோலிக்கத் தரப்பு உயர்ந்தது என்று உங்கள் அம்மா வீட்டார் எண்ணிவிட வேண்டாம். இந்த ஏழாம் வசனத்தின் நம்பகத்தை மறுப்பது பாதுகாப்பானதல்ல என்று 1897இல், கோட்பாட்டு விவகாரங்களைக் கவனித்த ரோமின் விசாரணைப் பேராயம் ஆணையிட்டது. 1927இல்தான் அறிஞர்கள் ஆராய்ந்து மாற்றுக் கருத்துக் கொள்ளலாம் என்று விளக்கம் வந்தது. புதுச்சேரி ரயில் நிலையத்துக்கு அருகே எழுந்த இருதய ஆண்டவர் கோவில் திறக்கப்பட்ட அதே 1907இல்தான் போப்பாண்டவர் பத்தாம் பத்திநாதர், வேதத்தையும் கோட்பாட்டையும் வரலாற்று நோக்கில் மறுபரிசீலனை செய்த நவீனவாதத்தைக் கண்டித்துச் சுற்றுமடல் விடுத்தார். 1910 முதல் 1967 வரை குருக்கள் அதற்கெதிராக உறுதிமொழி எடுக்க வேண்டியிருந்தது. 1943இல் போப்பாண்டவர் பன்னிரண்டாம் பத்திநாதர், மூல மொழிகளையும் எழுதப்பட்ட காலத்தையும் இலக்கிய வகையையும் கருத்தில் கொண்டு வேதத்தை ஆராய வழிதிறந்தார். அது வெளியிலிருந்து வந்த எதிரிகளுக்குக் கொடுத்த சலுகையன்று. அதற்காக உழைத்தவர்களில் மிகப் பலர் தினமும் பூசை வைத்த குருக்கள்.

நம் ஊரிலேயே இதைவிடக் கூர்மையான கேள்வி ஒன்று கேட்கப்பட்டிருக்கிறது. பிரெஞ்சுப் புதுச்சேரியில் வாழ்ந்த வணிகர் ஆனந்தரங்கப் பிள்ளை 1745 அக்டோபர் நாட்குறிப்பில் எழுதியிருப்பதைப் பாருங்கள். புதுச்சேரியின் சம்பா கோவில் என்னும் கத்தோலிக்க ஆலயத்துக்குள் தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர்களைப் பிரித்து ஒரு சுவர் இருந்தது, அவர்கள் திரண்டு சென்று, நாங்களும் உங்கள் சீடர்கள்தானே, எங்களை ஏன் தள்ளி வைக்கிறீர்கள் என்று பெரிய குருவிடம் கேட்டனர், சுவர் இடிக்கப்பட்டது. (இன்றுள்ள கட்டடம் அதற்குப் பின், 1791இல் முடிந்தது. சுவர் போனதும் சாதி போய்விடவில்லை என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.) கேட்டவர்கள் கோவிலை விட்டு விலக நினைத்தவர்கள் அல்லர். தங்களுக்குச் சொல்லப்பட்டதை, சொன்னவர்களைக் காட்டிலும் தீவிரமாக எடுத்துக்கொண்டவர்கள். அவர்களை விசுவாசமற்றவர்கள் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

ஒரு எச்சரிக்கை. காணொளிகளில் பத்து நிமிடத்தில் கிறிஸ்தவத்தைத் தகர்த்துக் காட்டுகிறவர்களிடமும் இதே கேள்விகளைக் கேளுங்கள்: எந்தப் படி, எந்த நூற்றாண்டு, யார் சொன்னது? போதகர் சொன்னதை அப்படியே ஏற்பதற்கும் அவர்கள் சொன்னதை அப்படியே ஏற்பதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. மேலும், படிகளை ஒப்பிடும் கல்விக்கு எட்டாத ஐயங்களும் உண்டு. 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, உங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தொலைவில் உள்ள தேவனாம்பட்டினம் கரைக்குக் கடல் ஏறி வந்தது. கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அந்த வாரத்தில் எழுந்த கேள்விக்கு எந்தக் கிரேக்கப் படியிலும் விடை இல்லை, என்னிடமும் இல்லை. அதற்கு விடை வைத்திருப்பதாக மேடையில் முழங்கியவர்களைத்தான் நான் அன்றும் நம்பவில்லை, இன்றும் நம்பவில்லை.

பாட்டியைப் பற்றி. நீங்களாகப் போய், அவர் அறுபது வருடமாகச் சொல்லி வரும் வசனம் பிற்சேர்க்கை என்று அறிவிக்க வேண்டியதில்லை. அவரே கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். வயதானவர்கள் உடைந்துபோவார்கள் என்று நாம் நினைப்பதில் பாதி நம்முடைய பயம். அவர் வேதாகமத்தின் முகப்புத் தாளில் பதிப்பாண்டு இருக்கும். அதை அவரைக்கொண்டே வாசிக்கச் சொல்லி, அது யார் வாங்கிக் கொடுத்தது என்பதிலிருந்து பேச்சைத் தொடங்குங்கள்.