கூரை அன்ரெனா: எதை வாங்குவது, எங்கே திருப்புவது?

கேள்வி: ஸ்காபரோவின் மல்வேர்ன் பகுதியில் இரண்டு மாடி வீட்டில் இருக்கிறோம். மாதந்தோறும் கேபிளுக்குக் கட்டும் பணம் கட்டுபடியாகவில்லை. உள்ளூர்ச் செய்தியும், சனிக்கிழமை ஹொக்கியும், பிள்ளைகளுக்கான நிகழ்ச்சிகளும் வந்தால் எங்களுக்குப் போதும். கடையில் ‘200 மைல்’, ‘4கே’ என்று எழுதிய சிறிய அன்ரெனாக்களும் இருக்கின்றன, விலை கூடிய பெரிய கம்பிச் சட்டங்களும் இருக்கின்றன. எதை வாங்குவது?
— ஒரு வாசகி, மல்வேர்ன்

பதில்: பெட்டியில் அச்சிட்டிருக்கும் மைல் கணக்கை முதலில் ஒதுக்கிவிடுங்கள். ரொறன்ரோ நிலையங்கள் அலை அனுப்பும் சி.என். கோபுரத்தின் உயரம் 553 மீற்றர். அதன் உச்சியிலிருந்து புறப்படும் அலைகூட, பூமியின் வளைவு காரணமாக, உங்கள் கூரையில் 9 மீற்றர் உயரத்தில் நிற்கும் அன்ரெனாவை நேர்ப்பாதையில் எட்டக்கூடியது ஏறத்தாழ 110 கிலோமீற்றர் வரைதான். 200 மைல் என்பது 320 கிலோமீற்றர். அவ்வளவு தூரத்திலிருந்து நாள்தோறும் படம் தரும் அன்ரெனா எதுவும் இல்லை. ‘4கே’ என்ற சொல்லுக்கும் இங்கே பொருள் கிடையாது. அன்ரெனா வானொலி அலையைப் பிடித்துக் கொடுக்கிறது, படத்தின் தெளிவு எவ்வளவு என்பதை நிலையமும் உங்கள் தொலைக்காட்சிப் பெட்டியும்தான் தீர்மானிக்கின்றன.

அன்ரெனாவைத் தேர்வதற்கு முன், அலை எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். மல்வேர்னிலிருந்து பார்த்தால் சி.என். கோபுரம் தென்மேற்கே 20 கிலோமீற்றருக்குச் சற்று அதிகமான தூரத்தில் இருக்கிறது, சி.பி.சி., சி.ரி.வி., குளோபல், சிற்றி, ஒம்னி, ரி.வி.ஓ. ஆகிய நிலையங்கள் அங்கிருந்தே ஒளிபரப்பாகின்றன. உங்கள் ஹொக்கியும் உள்ளூர்ச் செய்தியும் அவற்றிலேயே கிடைத்துவிடும். இரண்டாவது திசை, ஒன்ராறியோ ஏரிக்கு அப்பால், தெற்கிலிருந்து சற்றுக் கிழக்கே சாய்ந்து அமைந்த அமெரிக்காவின் பஃபலோ. ஃபொக்ஸ் நிலையத்தின் கோபுரம் கிராண்ட் தீவில், உங்களிடமிருந்து ஏறத்தாழ 90 கிலோமீற்றர் தொலைவில் உள்ளது. ஏ.பி.சி., சி.பி.எஸ். நிலையங்களின் கோபுரங்கள் பஃபலோவுக்குத் தெற்கே கோல்டன் என்னும் ஊரின் மேட்டு நிலத்தில், 130 கிலோமீற்றருக்கும் அப்பால் நிற்கின்றன. இடையில் பெரும்பகுதி தட்டையான ஏரிநீர் என்பதாலும், கோபுரங்கள் மேட்டில் நிற்பதாலும், இவ்வளவு தூரத்திலிருந்தும் நம் ஊருக்குப் படம் வருகிறது. பிள்ளைகளுக்கு அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியான பி.பி.எஸ். வேண்டுமென்றால் பஃபலோவை நாடத்தான் வேண்டும்.

இந்த இரு திசைகளுக்கும் இடையே ஏறத்தாழ 50 பாகை இடைவெளி இருக்கிறது. உங்கள் தேர்வு முழுவதும் இந்த இடைவெளியில்தான் தங்கியிருக்கிறது. மிகக் கூர்மையாக ஒரு திசையை மட்டும் பார்க்கும் நீண்ட அன்ரெனாவோ எட்டு அடுக்கு அன்ரெனாவோ பஃபலோவை நன்றாகப் பிடிக்கும். ஆனால் பக்கத்திலிருந்து வரும் ரொறன்ரோ அலைவரிசைகளில் சிலவற்றை அது நழுவவிடக்கூடும். ‘வி’ வடிவக் கம்பிகள் நான்கு அடுக்காகவும், பின்னால் வலைத்தட்டியும் கொண்ட ‘போ-டை’ வகை அன்ரெனாவின் பார்வை இதைவிட அகலமானது. அதைப் பஃபலோவை நோக்கித் திருப்பினால், அருகிலிருக்கும் சி.என். கோபுரத்தின் பலமான அலை பக்கவாட்டிலிருந்தே போதிய அளவு வந்து சேரும். உங்கள் வீட்டுக்கு நான் பரிந்துரைப்பது இந்த வகையைத்தான். வலைத்தட்டி இல்லாத சட்டங்களும் விற்பனைக்கு உண்டு. அவை முன்னும் பின்னும் சமமாகப் பார்ப்பதால் உங்கள் நிலைமைக்குப் பொருந்தமாட்டா.

வாங்கும்போது கவனிக்க வேண்டிய இன்னொன்றைப் பலரும் தவறவிடுகிறார்கள். நம் பகுதி நிலையங்களில் பெரும்பாலானவை 470 முதல் 608 மெகாஹேர்ட்ஸ் வரையான, அலைநீளம் குறைந்த யூ.எச்.எஃப். பகுதியில் இருக்கின்றன, அதற்கு 25 முதல் 32 சென்ரிமீற்றர் வரையான கம்பி போதும். ஆனால் சி.ரி.வி. இன்னும் அலைநீளம் கூடிய வி.எச்.எஃப். பகுதியிலேயே இருக்கிறது. அதன் அரை அலைநீளம் ஏறத்தாழ 80 சென்ரிமீற்றர் என்பதால், கையகலத் தட்டு அதை ஒழுங்காகப் பிடிப்பது கடினம். எனவே நான்கு அடுக்கு அன்ரெனாவோடு ஒரு நீண்ட வி.எச்.எஃப். கம்பியும் சேர்ந்து வரும் மாதிரியைக் கேட்டு வாங்குங்கள்.

அலையின் வலுவைக் கூட்டும் அம்பிளிபயரை உடனே வாங்க வேண்டாம். அன்ரெனாவுக்கு வந்து சேராத அலையை அது உருவாக்கித் தராது. கேபிளிலும், அதை இரண்டு பெட்டிகளுக்குப் பிரிக்கும் பிரிப்பானிலும் ஏற்படும் இழப்பை மட்டுமே ஈடுசெய்யும். நீங்கள் கோபுரத்துக்கு அருகில் இருப்பதால், தேவையில்லாமல் பெருக்கப்பட்ட அலை தொலைக்காட்சிப் பெட்டியில் சனலைப் பிரித்தெடுக்கும் ரியூனரைத் திணறச் செய்து, முன்பு வந்த சனல்களையும் இல்லாமல் செய்துவிடலாம். முதலில் ஆர்.ஜி.6 எனப்படும் உருண்டையான தொலைக்காட்சிக் கேபிளில் நல்லதாக ஒன்றை இழுத்து, ஒரே பெட்டியில் பாருங்கள். 30 மீற்றர் கேபிளைக் கடக்கும்போது யூ.எச்.எஃப். அலையின் வலுவில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான் மிஞ்சும்; அதை இரண்டு பெட்டிகளுக்குப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் அதில் பாதியும் கிடைக்காது. அந்த நிலையில் பஃபலோ விட்டுவிட்டு வந்தால், குறைந்த இரைச்சல் கொண்ட அம்பிளிபயரை அன்ரெனாவின் கம்பத்திலேயே பொருத்துங்கள். கேபிளின் மறுமுனையில் பொருத்துவதால் பயன் குறைவு.

1980களில் யாழ்ப்பாணத்தில் ஒருவர் கூரையில் ஏறி அன்ரெனாவைத் திருப்ப, உள்ளே இருப்பவர் ‘வருது, வருது’ என்று குரல் கொடுத்தது நம்மில் பலருக்கு நினைவிருக்கும். அன்று புள்ளிகள் மெல்லக் குறைந்து படம் தெளிவாகும். இன்றைய டிஜிட்டல் அலைக்கு அந்த இடைநிலை கிடையாது. ஓர் எல்லைக்கு மேல் இருந்தால் படம் முழுமையாக வரும், அதற்குக் கீழே போனால் கட்டங்களாக உடைந்து நின்றுவிடும். ஆகவே படத்தைப் பார்த்துத் திருப்பாதீர்கள். தொலைக்காட்சியின் அமைப்புப் பட்டியலில் உள்ள சிக்னல் அளவைத் திறந்து வைத்து, ஆகப் பலவீனமான பஃபலோ சனலில் அந்த அளவு உச்சத்துக்கு வரும்வரை சில பாகைகளாகத் திருப்புங்கள்.

கம்பத்தையும் கேபிளையும் தடித்த செம்புக் கம்பியால் வீட்டின் மின் நில இணைப்போடு கட்டாயம் சேர்க்க வேண்டும். மின்கம்பி போகும் பக்கத்தில் கம்பத்தை நிமிர்த்தக்கூடாது. கம்பம் சரிந்தாலும் கம்பியைத் தொடாத தூரம் வேண்டும். இதில் சிறிது ஐயம் இருந்தாலும் உரிமம் பெற்ற மின்பணியாளரை அழையுங்கள். உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் பணத்தைப் பார்க்காதீர்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சந்தா கட்டிப் பார்க்கும் தமிழ்ச் சனல்கள் அன்ரெனாவில் வரமாட்டா. அப்பம்மாவும் அம்மம்மாவும் அவற்றையே பார்க்கிறார்கள் என்றால், கேபிளை நிறுத்துமுன் அதற்கு மாற்று வழி செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: எனது அபார்ட்மென்ட் 12ஆவது மாடியில் இருக்கிறது. பல்கனி வடக்கே பார்க்கிறது. அன்ரெனா வைத்தால் பயனுண்டா?
— ஒரு வாசகர், ஸ்காபரோ

பதில்: பஃபலோவை எதிர்பார்க்காதீர்கள், உங்கள் கட்டடமே அதை மறைக்கிறது. ரொறன்ரோ சனல்கள் எதிரிலுள்ள உயர்ந்த கட்டடங்களில் பட்டுத் திரும்பி வரலாம். ஆகவே கடையில் திருப்பிக் கொடுக்கக்கூடிய சிறிய அன்ரெனாவை வாங்கி, கட்டடங்கள் இருக்கும் பக்கமாக வைத்துப் பாருங்கள். பல்கனிக் கம்பியில் எதையும் பொருத்துமுன் நிர்வாகத்தின் அனுமதி வேண்டும்.

கேள்வி: நாங்கள் வாங்கிய வீட்டின் கூரையில் பழைய பெரிய அன்ரெனா ஒன்று நிற்கிறது. அது டிஜிட்டலுக்கு உதவுமா?
— ஒரு வாசகர், மார்க்கம்

பதில்: உதவும். கனடாவின் பெருநகரங்களில் 2011 ஓகஸ்ட் 31 அன்று அனலொக் ஒளிபரப்பு நின்றபோது மாறியது அலையில் ஏற்றும் முறைதான். கம்பிகளுக்கு அனலொக், டிஜிட்டல் என்ற வேறுபாடு இல்லை. கம்பிகள் முறியாமல், பொருத்துகள் துருப்பிடிக்காமல் இருந்தால் அதைக் கழற்றாதீர்கள். அதிலிருந்து இறங்கும் தட்டையான இரட்டை வயரையும் அதை அன்ரெனாவோடு இணைக்கும், உச்சியிலுள்ள சிறிய மாற்றியையும் மட்டும் அகற்றி, புதிய மாற்றியும் ஆர்.ஜி.6 கேபிளும் போடுங்கள். பழுதில் பெரும்பகுதி நீர் புகுந்த அந்த வயரில்தான் இருக்கும். பிறகு தொலைக்காட்சியில் சனல்களை முழுமையாக மறுபடி தேட விடுங்கள். 600 மெகாஹேர்ட்ஸ் பகுதி கைப்பேசிச் சேவைக்குப் போனதால் பல நிலையங்கள் அலைவரிசை மாறியிருக்கின்றன. பெட்டியின் நினைவிலுள்ள பழைய பட்டியலை வைத்துப் பார்த்தால் அவை வராது. மேப்பிள் மரம் மறைக்கும் வீடாக இருந்தால் இந்தச் சோதனையை இலை நிறைந்த ஜூலையில் செய்யுங்கள். குளிர்காலத்தில் நன்றாக வந்த சனல் இலை விட்டதும் மறைந்துபோகலாம்.