கோல்ட் விங்கையும் ஹார்லியையும் ஒரே டிரெய்லரில் ஏற்றும் முன்

சிகாகோவுக்கு வந்து ஓராண்டுகூட ஆகாத தம்பி ஒருவர், வேலை மாற்றலாகி சால்ட் லேக் சிட்டிக்குப் போகிறாராம். தம்முடைய ஹோண்டா கோல்ட் விங் பைக்கையும் உடன் வரும் நண்பரின் ஹார்லி-டேவிட்சன் அல்ட்ரா லிமிடெட் பைக்கையும் ஒரே மூடிய டிரெய்லரில் ஏற்றி, தம்முடைய எஸ்யூவியிலேயே இழுத்துச் செல்ல முடியுமா, ஆறடி அகலமும் பன்னிரண்டு அடி நீளமும் உள்ள டிரெய்லர் போதுமா, தனி உரிமம் வேண்டுமா, காப்பீடு எப்படி, அந்த ஊரில் நம்மவர்கள் இருக்கிறார்களா என்றெல்லாம் கேட்டிருக்கிறார்.

கடைசி மூன்றையும் உடனே முடித்துவிடுகிறேன். வண்டி, டிரெய்லர் இரண்டின் எடை வரம்பும் சேர்ந்து 26,000 பவுண்டைத் தாண்டாதவரை வணிக ஓட்டுநர் உரிமம் தேவையில்லை. நீங்கள் அதன் அருகில்கூட வர மாட்டீர்கள். காப்பீட்டை உங்கள் முகவரிடம் கேளுங்கள். நம்மவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள், தேட வேண்டியதில்லை. நீங்கள் உட்கார்ந்து யோசிக்க வேண்டியது எடையைப் பற்றித்தான், தம்பி.

நீங்கள் சொல்லும் அளவில் வரும் ஒற்றை அச்சு டிரெய்லரின் முன்பக்கத்தில் ஒட்டியிருக்கும் தகட்டைப் படித்துப் பாருங்கள். பெரும்பாலும் மொத்த எடை வரம்பு 2,990 பவுண்டு என்றிருக்கும். பல மாநிலங்களில் 3,000 பவுண்டுக்கு மேற்பட்ட டிரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயம் என்பதால், பிரேக் வைக்கும் செலவு இல்லாமல் விற்பதற்காகவே அந்த எண்ணை அப்படி நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அந்த 2,990க்குள் டிரெய்லரின் சொந்த எடையும் அடக்கம். வெறும் டிரெய்லரே ஏறத்தாழ 1,200 முதல் 1,400 பவுண்டு வரை இருக்கும். கோல்ட் விங் முழுத் தொட்டியுடன் 800 பவுண்டைத் தாண்டும். உங்கள் நண்பரின் ஹார்லி 900ஐ ஒட்டி வரும். கூட்டிப் பாருங்கள்: ஒரு ஹெல்மெட்டைக்கூட உள்ளே வைப்பதற்கு முன்பே வரம்பு நிரம்பிவிடுகிறது, பிரேக்கும் கிடையாது. விற்பவர் உள்ளே கை காட்டி "இரண்டு பைக் தாராளமாக நிற்கும்" என்பார். நிற்கும், அதில் பொய்யில்லை; அச்சும் டயரும் அதைச் சுமக்குமா என்று அவரிடம் நீங்களாகக் கேட்டால் ஒழிய அவர் சொல்லமாட்டார். இரட்டை அச்சும் மின்சார பிரேக்கும் உள்ள ஏழடி அகல டிரெய்லரைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும்.

அப்படிப் பார்த்தால் இழுக்கும் வண்டியின் கேள்வியும் மாறிவிடுகிறது. உங்கள் எஸ்யூவியின் இழுவைத் திறன் 3,500 பவுண்டு என்று எழுதியிருக்கிறீர்கள். பெரிய டிரெய்லரும் இரண்டு பைக்குகளும் சேர்ந்து 4,000ஐ எளிதில் கடக்கும் என்பதால் அது போதாது. சுமை ஏற்றிய டிரெய்லரின் மொத்த எடையில் பத்திலிருந்து பதினைந்து சதவீதம் ஹிட்ச் மீது, அதாவது காரின் பின்னால் டிரெய்லரை மாட்டும் இணைப்பின் மீது, அழுந்த வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும். 3,500 பவுண்டு ஹிட்ச் பொதுவாகத் தாங்குவது 350 பவுண்டுதான். "நான் இதே காரில் இழுத்தேன், ஒன்றும் ஆகவில்லை" என்று நம்மவர்களில் ஒருவர் கட்டாயம் சொல்வார். இந்நாட்டில் எல்லாவற்றுக்கும் ஓர் எண்ணைத் தகட்டில் எழுதிக் கண்முன்னே ஒட்டி வைத்திருக்கிறார்கள். பத்தாண்டு, இருபதாண்டு இங்கே வாழ்ந்தவர்கள்கூட அதைப் படிக்காமல் தங்கள் அதிர்ஷ்டத்தைப் பிறருக்கு அறிவுரையாக வழங்குவதுதான் எனக்குப் பிடிபடாத விஷயம்.

உங்கள் வழி இன்டர்ஸ்டேட் 80. வயோமிங்கில் லாராமிக்கும் ராலின்ஸுக்கும் இடையே, குறிப்பாக எல்க் மலைப் பகுதியில், அடிக்கும் பக்கவாட்டுக் காற்று பெயர் பெற்றது. காற்று மிகும்போது எடை குறைந்த, உயரமான வண்டிகளுக்கு அந்தச் சாலையையே மூடிவிடுவார்கள். மூடிய டிரெய்லரின் பக்கச் சுவர் அங்கே கப்பல் பாய்தான். பைக்குகளைப் பின்னால் தள்ளி ஏற்றி ஹிட்ச் மீது எடை குறைந்துவிட்டால், டிரெய்லர் வால் ஆட்டத் தொடங்கும், அதாவது இருபக்கமும் அலையும். ஏறத்தாழ அறுபது சதவீதச் சுமை அச்சுக்கு முன்னால் இருக்கட்டும். ஆட்டம் தொடங்கிவிட்டால் காரின் பிரேக்கை மிதிக்காதீர்கள்; ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, டிரெய்லரின் மின்சார பிரேக்குக்காகக் காருக்குள் பொருத்தும் கட்டுப்பாட்டுப் பெட்டியின் நெம்புகோலால் டிரெய்லர் பிரேக்கை மட்டும் கையால் போடுங்கள். சாலைப் பலகை 75, 80 என்று காட்டும். உங்கள் டிரெய்லர் டயர் 65 மைலுக்கே உரியதாக இருக்கலாம், பக்கவாட்டில் எழுதியிருப்பதைப் பாருங்கள்.

இனிக் கட்டும் முறை. ஒவ்வொன்றும் எட்டரை அடி நீளமுள்ள பைக்குகளை அருகருகே சரிசமமாக நிறுத்தினால் ஹாண்டில்பார்கள் மோதிக்கொள்ளும். ஒன்றை முன்னும் மற்றதைச் சற்றுப் பின்னுமாக நிறுத்துங்கள். முன்சக்கரம் வீல் சாக்கில், அதாவது சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் தாங்கியில், இறுகி அமர வேண்டும், சைடு ஸ்டாண்டு மடங்கியிருக்க வேண்டும். ஒரு பைக்குக்கு நான்கு இழுத்துக் கட்டும் பட்டைகள். முன்பட்டைகளை ஹாண்டில்பார் நுனியில் மாட்டாமல், முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கைப் பிடிக்கும் கீழ்க் கவ்வியில் மென்துணி வளையம் போட்டு அதில் மாட்டுங்கள். சஸ்பென்ஷனைப் பாதியளவு அமுக்கினால் போதும். பட்டையின் உறையில் பெரிதாக அச்சிட்டிருப்பது அறுபடும் எடை. வேலைக்கு நம்பக்கூடியது அதில் மூன்றில் ஒரு பங்குதான். தரையிலுள்ள வளையங்கள் பிளைவுட்டில் வெறும் ஸ்குரூவால் பதிக்கப்பட்டிருந்தால் அவற்றை நம்பவே வேண்டாம். அடியிலுள்ள இரும்புச் சட்டத்தோடு போல்ட் போட்டிருக்க வேண்டும். காற்றுத் துளைகளைத் திறந்தே வையுங்கள், பெட்ரோல் ஆவி உள்ளே தேங்கக் கூடாது. புறப்பட்டு இருபது மைலுக்குள் ஒருமுறை நிறுத்தி எல்லாப் பட்டைகளையும் தொட்டுப் பாருங்கள்.

இவற்றை நான் கற்றது இந்நாட்டில் என் முதல் குளிர்காலத்தில், படிப்புக்கேற்ற வேலை கிடைக்கும்வரை, மோட்டார் சைக்கிள்களை வெளிமாநிலங்களுக்கு அனுப்பும் ஒரு கிடங்கில் இரவு வேலை செய்தபோது. மேற்பார்வையாளர் மெக்சிகோவிலிருந்து வந்த முதியவர். அவருடைய ஸ்பானிஷ் எனக்குப் புரியாது, என் ஆங்கிலம் அவருக்குப் புரியாது. கட்டி முடித்ததும் வந்து ஹாண்டில்பாரைப் பிடித்து உலுக்குவார். பைக் மட்டும் அசைந்தால் நான்கு பட்டைகளையும் அவிழ்த்துப் போட்டுவிட்டு, ஒரு சொல் பேசாமல் அடுத்த வண்டிக்குப் போய்விடுவார். டிரெய்லர் முழுவதும் சேர்ந்து குலுங்கினால் தலையசைப்பார். பொறியியல் படித்தவன் பட்டை கட்டுகிறானே என்று அறையில் உடனிருந்த நம்மவர்கள் அப்போது சிரித்தார்கள். இப்போது அவர்களில் இரண்டு பேர் ஒவ்வொரு கோடையிலும் பைக்குகளை ஏற்றிக்கொண்டு நேராக என் வீட்டுக்குத்தான் வருகிறார்கள், நான் உலுக்கிப் பார்ப்பதற்குள் காரில் ஏறி உட்கார்ந்தும் விடுகிறார்கள். இறங்கி வந்து அவர்கள் கையாலேயே உலுக்கிப் பார்த்த பிறகுதான் அனுப்புகிறேன்.