40 லிப்ஸ்டிக் இருந்தும் ஆஃபர் வந்தால் கை துறுதுறுக்கிறது: சேகரிப்பது தவறா?

கேட்டவர் எழுதியிருப்பது இது: வேலைக்குப் போகிறார், சம்பளம் பரவாயில்லை. 40 லிப்ஸ்டிக், 6 ஐஷேடோ பேலட் (கண்ணிமையில் பூசும் நிறப்பொடிகள் அடங்கிய பெட்டி) இருக்கிறது. ஆனாலும் சேல் வந்தால் வாங்கிவிடுகிறார். எது தேவை, எது விளம்பரம் என்று எப்படிப் பிரிப்பது?

தவறு ஒன்றும் இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த மாதிரிக் கேள்விக்குக் கீழே "எங்க பாட்டி மஞ்சளும் கடலைமாவும்தான் பூசினாங்க" என்று ஒரு பதில் கட்டாயம் வந்து உட்காரும். பாட்டி பூசட்டும். அந்தப் பதில் எழுதுபவர் வீட்டுப் புடவை பீரோவைத் திறந்தால் கட்டாத புடவை எத்தனை இருக்கும் என்று நான் கேட்கப்போவதில்லை.

ஆனால் புடவைக்கும் லிப்ஸ்டிக்குக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. பட்டுப்புடவையை மடிப்பு மாற்றி மாற்றி வைத்தால் பேத்தி காலம் வரை வரும். லிப்ஸ்டிக் என்பது ஆமணக்கெண்ணெய், மெழுகு, நிறமி. எண்ணெய் என்றால் ஒருநாள் காறும். பழைய லிப்ஸ்டிக்கை மூக்கருகே கொண்டுபோய்ப் பாருங்கள். காறிப்போன எண்ணெய் வாடை அடித்தால் அதன் கதை முடிந்தது. மேலே முத்து முத்தாக எண்ணெய் மட்டும் வியர்த்திருந்தால் கெட்டுப்போனதாக அர்த்தம் இல்லை, சித்திரை வெயிலில் அப்படி ஆகும். டிஷ்யூவால் ஒற்றி எடுத்துவிட்டுப் பூசலாம்.

எத்தனை பீஸ் என்று எண்ணுவதை விட்டுவிட்டு எத்தனை கிராம் என்று பாருங்கள். வழக்கமான லிப்ஸ்டிக் 3.5 கிராம் சுற்றி இருக்கும். ஒரு தடவை பூசினால் போவது சுமார் 10 மில்லிகிராம். காலையில் ஒன்று, சாப்பிட்ட பிறகு ஒன்று என்றால் நாளுக்கு 20 மில்லிகிராம். ஒரு லிப்ஸ்டிக் 175 நாள் வரும், அதாவது ஏறக்குறைய ஆறு மாதம். 40 லிப்ஸ்டிக் 7,000 நாள், 19 வருடம்! பெட்டியில் மூடி திறந்த டப்பா படம் போட்டு உள்ளே 12எம், 24எம் என்று எழுதியிருப்பதுதான் திறந்த பிறகு எத்தனை மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்ற கணக்கு. 24 மாதம் என்றே வைத்துக்கொண்டாலும் அதற்குள் உங்களால் முடிக்க முடிவது நான்கு. மீதி 36ம் உங்கள் டிராயரில் உட்கார்ந்தபடியே வயசாகும்.

'நான் நிறைய பூசுவேன், 10 மில்லிகிராம் எல்லாம் ஒத்து வராது' என்பவர்கள் சொந்தமாக அளந்து கொள்ளலாம். நகை எடை பார்க்கும் பாக்கெட் தராசு, 0.01 கிராம் காட்டுவது, ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. லிப்ஸ்டிக்கை மூடி இல்லாமல் எடை போட்டு, அடியில் டேப் ஒட்டி எழுதிவையுங்கள். 30 தடவை பூசிய பிறகு மறுபடி எடை போடுங்கள். ஒரே தடவை பூசியதும் அளந்தால் தராசுக்கு அந்த வித்தியாசம் சரியாகப் பிடிபடாது, அதனால்தான் 30.

இதே கணக்கு எல்லாப் பொருளுக்கும் ஒரே மாதிரி வராது. ஃபவுண்டேஷன் 30 மில்லி பாட்டில், முகம் முழுக்கப் போட்டால் அரை மில்லி. 60 நாளில் காலி. சன்ஸ்கிரீன் இன்னும் வேகம். பாட்டிலில் போட்டிருக்கும் எஸ்.பி.எஃப். எண், அதாவது வெயிலை எவ்வளவு தடுக்கும் என்ற அளவு, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசி அளந்தது. முகத்துக்கு மட்டும் 1.2 கிராம் போல வேண்டும், 50 கிராம் டியூப் 40 நாள் தாண்டக் கூடாது. ஆறு மாதம் வருகிறது என்றால் நீங்கள் பூசுவது போதவில்லை. ஃபவுண்டேஷனிலேயே எஸ்.பி.எஃப். இருக்கிறதே என்றால், அந்த எண் கிடைக்க அதையும் 1.2 கிராம் அப்ப வேண்டும், முகம் சுவர் மாதிரி இருக்கும். ஐஷேடோ இதற்கு நேர் எதிர். 1.3 கிராம் வீதம் 12 கிண்ணம் உள்ள பேலட் 15.6 கிராம். நாளுக்கு 20 மில்லிகிராம் என்றால், தினமும் ஆபீசுக்கு ஐஷேடோ போட்டுப் போனாலும் இரண்டு வருடத்துக்கு மேல் ஓடும். உங்களிடம் ஆறு. சன்ஸ்கிரீனும் ஃபவுண்டேஷனும் வாங்குவதைப் பற்றிக் குற்ற உணர்ச்சி வேண்டாம். காசு முடங்குவது லிப்ஸ்டிக்கிலும் பேலட்டிலும்தான்.

மஸ்காரா தனி ரகம். திறந்து மூன்று மாதம், நீட்டினால் ஆறு. குச்சி கண்ணிமையைத் தொட்டுவிட்டுத் திரும்பி ஈரமான குழாய்க்குள்ளேயே போகிறது, கிருமி வளர அதைவிட நல்ல இடம் கிடையாது. குச்சியைப் பம்ப் மாதிரி அடிக்காதீர்கள், காற்று உள்ளே போய்ச் சீக்கிரம் காயும். காய்ந்ததில் தண்ணீர் ஊற்றி இளக்குவது கண்ணோடு விளையாடுவது. கண் வலி வந்து போனால் அப்போது கண்ணில் தொட்ட மஸ்காரா, மை எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிடுங்கள், மனசு கேட்காவிட்டாலும். ஒன்றுக்கு ஒன்று ஃப்ரீ ஆஃபரில் மஸ்காரா வாங்குவதில் அர்த்தமே இல்லை. மினி சைஸ் கிராமுக்கு விலை கூடத்தான் இருக்கும், ஆனால் மஸ்காராவில் மட்டும் மினிதான் லாபம், முடித்துவிடுவீர்கள்.

இப்போது பெட்டியின் பின்பக்கம். எம்.ஆர்.பி.க்குப் பக்கத்தில் கிராமுக்கு அல்லது மில்லிக்கு எத்தனை ரூபாய் என்று பொடி எழுத்தில் இருக்கும். பொட்டலப் பொருட்களில் இதைப் போட வேண்டும் என்று விதி. கடையில் அதை யாரும் படிப்பதில்லை. திருகும் காஜல் பலவற்றில் இருப்பது வெறும் 0.35 கிராம். 250 ரூபாய் என்றால் கிராம் 714 ரூபாய். அடுத்த முறை நகைக்கடைப் பலகையில் வெள்ளி கிராம் என்ன விலை என்று பார்த்துவிட்டு வாருங்கள். அழகான உலோகக் கூட்டில் வரும் பண்டிகைப் பதிப்பை வாங்கும்போதும், உள்ளே எத்தனை கிராம் என்று வழக்கமான பதிப்போடு ஒப்பிட்டுவிட்டு வாங்குங்கள். சிலவற்றில் கூடு பெரிது, சரக்கு சின்னது.

அடுத்து, உட்பொருள் பட்டியலில் சி.ஐ. (கலர் இண்டெக்ஸ், நிறமிகளின் குறியீடு) என்று தொடங்கும் எண்கள். 77491 சிவப்பு இரும்பு ஆக்சைடு, 77492 மஞ்சள், 77499 கறுப்பு, 77891 டைட்டானியம் டையாக்சைடு, அதாவது வெள்ளை. 77019 மைக்கா, மினுமினுப்பு. உங்கள் ஆறு பேலட்டையும் திருப்பி வைத்துப் பாருங்கள். மண் நிறம், டோஃபி, கேரமல், மோக்கா என்று எத்தனை பெயர் வைத்தாலும் பெரும்பாலும் இந்த ஐந்தையே கலக்கும் விகிதம்தான் மாறுகிறது. அதற்காக '200 ரூபாய் பேலட்டும் 4,000 ரூபாய் பேலட்டும் ஒன்றே' என்று நான் சொன்னதாகக் கமெண்டில் கிளம்ப வேண்டாம். பட்டியல் அளவு சொல்லாது. எவ்வளவு நைசாக அரைத்தார்கள், எந்த எண்ணெயில் பிசைந்தார்கள், எவ்வளவு அழுத்தினார்கள் என்பதில்தான் பூசும்போது வழுக்குவதும், பொடி உதிர்வதும். அந்த வித்தியாசம் உண்மை. ஆனால் அது இருபது மடங்கு விலைக்கு உண்டானதா என்பது உங்கள் விரல் சொல்ல வேண்டியது, விளம்பரம் சொல்ல வேண்டியதில்லை. விலை குறைந்த மேபெலினும் விலை கூடிய லாங்கோமும் ஒரே லொரியால் கம்பெனி கையில்தான் இருக்கின்றன. மேக், கிளினிக் இரண்டும் எஸ்டே லாடருடையவை. இத்தாலியில் இன்டர்கோஸ் என்ற கம்பெனிக்கு வேலையே மற்ற பிராண்டுகளுக்கு மேக்கப் தயாரித்துக் கொடுப்பதுதான்.

'ஹைப்போஅலர்ஜெனிக்' (ஒவ்வாமை வர வாய்ப்பு குறைவு) என்ற சொல்லுக்கு அமெரிக்காவில் உணவு, மருந்து, அழகுப் பொருட்களைக் கண்காணிக்கும் எஃப்.டி.ஏ.விடம்கூட வரையறை கிடையாது. 1970களில் கொண்டுவரப் பார்த்தார்கள், கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போய் அதை அடித்துவிட்டன. 'டெர்மட்டாலஜிஸ்ட் டெஸ்டட்' என்றால் யாரோ ஒரு டாக்டர் ஏதோ ஒரு விதத்தில் சோதித்தார் என்று மட்டும் அர்த்தம். பாஸா ஃபெயிலா என்று அதில் இல்லை.

சேல் வலைக்கு வருவோம். 'இன்னும் 2 பீஸ்தான்', 'இன்றிரவு 12 மணி வரை', 'இனி வரவே வராது' எல்லாம் ஒரே தூண்டில். அர்பன் டிகே என்ற அமெரிக்க பிராண்ட் 2010ல் கொண்டுவந்த நேக்கட் என்ற ஐஷேடோ பேலட்டை 2018ல் நிறுத்தியபோது அதற்குச் சாவு வீடு மாதிரியே விளம்பரம் செய்தார்கள். அழுதுகொண்டே வாங்கினார்கள் ஜனங்கள். சில மாதத்தில் நேக்கட் ரீலோடட் என்று அடுத்தது வந்துவிட்டது. நம் ஊரில் பொய்யான அவசரம் காட்டுவதை, 2023 இறுதியில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட டார்க் பேட்டர்ன் (ஆன்லைனில் வாங்குபவரை ஏமாற்றும் உத்திகள்) வழிகாட்டியின் 13 தந்திரங்களில் ஒன்றாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். கேட்காமல் கூடையில் ஏதாவது சேர்த்துவிடுவதும் அந்தப் பட்டியலில் உண்டு. மாட்டினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைத்துப் புகார் சொல்லலாம்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். வேண்டிய பொருளைக் கார்ட்டில் போட்டு, அன்றைய விலையை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். சேல் நாளில் '60 சதவீதம் தள்ளுபடி' என்று வரும்போது ஒப்பிடுங்கள். பெரும்பாலும் எம்.ஆர்.பி.யிலிருந்துதான் 60 சதவீதம். சாதாரண நாள் விலையிலிருந்து பார்த்தால் 10, 15 தேறும். 'இன்னும் 340 ரூபாய்க்கு வாங்கினால் இலவசப் பரிசு' என்பதில், அந்தப் பரிசை 340 ரூபாய் கொடுத்துத் தனியாக வாங்குவீர்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

வாங்கிக் குவித்ததை எடுத்துக் காட்டும் யூடியூப் ஹால் வீடியோவில் விளம்பரம், கொலாப் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். 2021லிருந்து ஏ.எஸ்.சி.ஐ. (விளம்பரத் துறையின் சுயகட்டுப்பாட்டு அமைப்பு) விதிப்படி போட வேண்டும். கீழே இருக்கும் லிங்கில் வாங்கினால் அவருக்குக் கமிஷன் போகும், அது தப்பில்லை, உங்களுக்குத் தெரிந்திருந்தால் போதும். முழங்கையின் உள்பக்கத்தில் மூன்று தடவை தேய்த்து ரிங் லைட்டில் காட்டும் ஸ்வாட்ச்சை நம்பி லிப்ஸ்டிக் ஷேடு எடுக்காதீர்கள், அங்கே தோல் எப்போதும் வெளுப்பு. போட்டு ஆறு மணி நேரம் கழித்து வெயிலில் முகம் காட்டுபவரின் வீடியோ கிடைத்தால் அதைப் பாருங்கள்.

ஃபவுண்டேஷன் ஷேடு தாடை எலும்பின் மேல்தான் பார்க்க வேண்டும். பக்கத்துப் பக்கத்தில் மூன்று ஷேடு கோடு இழுத்து, கடைக்கு வெளியே வந்து, 15 நிமிஷம் நில்லுங்கள். காற்றுப் பட்டதும் சிலது கறுக்கும். எந்தக் கோடு காணாமல் போகிறதோ அது உங்களுடையது.

இதைச் சொல்லும்போது கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று, பொறுத்துக்கொள்ளுங்கள். கல்யாண மண்டபங்களில் 'எச்.டி. மேக்கப்' என்று ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டு, ஆல்பத்தில் பெண்ணின் முகம் சாம்பல் பூத்து, கழுத்து வேறு ஆள் கழுத்தாகத் தெரிவதைப் பார்க்காதவர் உண்டா? காரணம் மூன்று. கேட்காமலேயே இரண்டு ஷேடு வெளுப்பாகப் போடுவது. டைட்டானியம் டையாக்சைடு நிறைய உள்ள கிரீம். மேலே எச்.டி. பவுடர் என்ற பெயரில் சிலிக்கா. நேரில் கண்ணாடியில் தெரியாது, கேமரா ஃப்ளாஷ் பட்டதும் வெளிறிக் காட்டிவிடும். டிரையல் அன்றைக்கே விளக்கை அணைத்துவிட்டு ஃப்ளாஷ் போட்டு ஒரு செல்ஃபி எடுத்தால் இரண்டு நொடியில் தெரிந்துவிடும். 2017லேயே ஃபென்டி பிராண்டின் ஃபவுண்டேஷன் 40 ஷேடோடு வந்த பிறகும், நம் நிறத்துக்கு ஷேடு கிடைக்கவில்லை என்று ஒரு மேக்கப் ஆர்ட்டிஸ்ட் சொன்னால் அவர் தேடவில்லை என்று அர்த்தம்.

சரி, உங்கள் டிராயர். பழைய வேட்டியை விரித்து எல்லாவற்றையும் கொட்டுங்கள். காறினது, கட்டி தட்டினது, தேதி தெரியாத கண் சாமான் ஒரு பக்கம், குப்பைக்கு. சீல் உடைக்காதது ஒரு பக்கம். அதில் காலாவதித் தேதி தள்ளி இருப்பதை இப்போதே யாருக்காவது கொடுங்கள், அடுத்த வருடம் கொடுத்தால் அவர்களும் குப்பையில்தான் போடுவார்கள். ஒரே நிறம் போலத் தெரியும் லிப்ஸ்டிக்குகளை வெள்ளைத் தாளில் வரிசையாகக் கோடு இழுங்கள். உங்கள் 40ல் எத்தனை உண்மையான நிறம் என்று அந்தத் தாள் சொல்லும். அதைப் போனில் படம் எடுத்து வையுங்கள், கடையில் புது ஷேடைப் பார்க்கும்போது திறந்து பார்க்கலாம். மிச்சத்தில் நான்கை மட்டும் மேலே வைத்து, மற்றதை பாத்ரூம் அல்லாத, வெயில் படாத அலமாரியில் போடுங்கள்.

பவுடர் பழசானால் மேலே பளபளவென்று ஒரு ஏடு கட்டி நிறமே வராது. கை எண்ணெய் படிந்ததுதான் அது. செல்லோ டேப்பை லேசாக ஒட்டி எடுத்தால் அடியில் புதுசு மாதிரி இருக்கும். இது தெரியாமல் தூக்கிப் போட்ட பேலட்டுகள் ஏராளம்.

லிப்ஸ்டிக் கூட்டு விளிம்போடு தேய்ந்ததும் முடிந்தது என்று நினைக்காதீர்கள், கீழே கிண்ணத்துக்குள் இன்னும் ஒரு சென்டிமீட்டர் இருக்கும். காதுகுடையும் பட்ஸின் குச்சியால் தோண்டி, சுத்தமாகத் துடைத்த சின்ன டப்பாவில் போட்டு, டப்பாவைச் சுடுதண்ணிக் கிண்ணத்தில் ஐந்து நிமிஷம் வையுங்கள், தண்ணி உள்ளே போகாமல். இளகியதும் ஒரு கிளறு, ஆறவிட்டால் கட்டியாகிவிடும். பிரஷ்ஷால் எடுத்துப் பூசலாம். தேங்காய் எண்ணெய் சேர்க்கச் சொல்வார்கள், சேர்த்தால் நம் ஊர் வெயிலுக்கு அது திரும்ப இறுகாது.